இடுப்பு வலியா? எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டுங்கள்!



இடுப்பு வலி இல்லாத பெண் நம் குழுக்களில் யாராவது உண்டா? தேடிப் பார்த்தாலும் கிடைப்பது கஷ்டம்தான். "வேலை செஞ்ச அலுப்பு", "புள்ள பெத்த இடுப்பு, அப்படித்தான் இருக்கும்", "வயசாச்சு, இனிமே என்ன" என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். தைலம் தேய்க்கிறோம். மெடிக்கல் கடையில் "இடுப்பு வலிக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கி விழுங்குகிறோம். மறுநாள் விடியற்காலை மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "இடுப்பு வலி" என்பது ஒரே வார்த்தை. ஆனால் அந்த ஒரே வார்த்தைக்குள் மூன்று நான்கு விதமான வலிகள் ஒளிந்திருக்கின்றன. முதுகெலும்பின் அடியில் வருகிற வலியும் இடுப்பு வலிதான். சப்பைப் பக்கம் வருகிற வலியும் இடுப்பு வலிதான். தொடையும் அடிவயிறும் சேருகிற மடிப்பில் வருகிற வலியும் இடுப்பு வலிதான். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாததால், முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்து, முதுகுக்கு மாத்திரை சாப்பிட்டு, வருஷக்கணக்கில் செலவு செய்தும் குணமாகாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வலி முதுகில் இல்லை, தொடை எலும்பு சேரும் மூட்டில் இருந்திருக்கும்.

ஆகவே இந்த இதழில் நாம் தெரிந்துகொள்ளப் போவது ஒன்றே ஒன்றுதான். வலிக்கும் ஒரு விலாசம் உண்டு. அந்த விலாசத்தை நாம் சரியாகச் சொன்னால் பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.

இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது?

நம் உடம்பிலேயே நீளமான எலும்பு தொடை எலும்பு. அதன் மேல்முனை ஒரு பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். இடுப்பு எலும்பின் பக்கவாட்டில் ஒரு கிண்ணம் மாதிரி குழி இருக்கும். அந்தப் பந்து இந்தக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. இதுதான் இடுப்பு மூட்டு. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. குத்தவைப்பது, சம்மணம் போடுவது, நடப்பது, வரப்பு தாண்டுவது எல்லாம் இந்த மூட்டு சுழல்வதால்தான் நடக்கிறது.

பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளேயும் வழுவழுப்பான குருத்தெலும்பு பூசியதுபோல் இருக்கும். எலும்போடு எலும்பு உரசாமல் அது காக்கிறது. மூட்டைச் சுற்றிலும் பலமான தசைகள் இருக்கின்றன. நாம் ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது சப்பையில் உள்ள தசைகள்தான். நடப்பது என்றாலே மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பதுதானே! அப்படி நிற்கும்போது ஒரு இடுப்பு மூட்டின் மேல் விழும் பாரம், நம் உடல் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். 60 கிலோ எடையுள்ள பெண்ணின் மூட்டு ஒவ்வொரு அடிக்கும் 150 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. இடுப்பில் தண்ணீர்க் குடமும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கே வலிக்கிறது? மூன்று இடங்கள்

எழுந்து நின்று, வலி அதிகமாக இருக்கும் இடத்தில் ஒரு விரலை வையுங்கள்.

1. விரல் பின்பக்கம் போகிறதா?

புடவைக் கட்டுக்கு நேராக, முதுகெலும்பின் அடியில் வலித்தால் அது பெரும்பாலும் முதுகைச் சேர்ந்தது. இதைத்தான் நம் ஊர்களில் 'குறுக்கு வலி' என்கிறோம். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட பிறகு, களை எடுத்த பிறகு, பாரம் தூக்கிய பிறகு வரும். சிலருக்குப் பிட்டம் வழியாக முழங்காலுக்குக் கீழே, பாதம் வரைக்கும் மின்சாரம் பாய்கிற மாதிரி இழுக்கும், மரத்துப்போகும். நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம் அது. கர்ப்பமாக இருக்கும்போதும் பின்பக்க இடுப்பு எலும்புகள் சேரும் இடத்தில் வலி வரலாம். பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு குறைந்துவிடும். அதுவரை கனம் தூக்காமல், புடவை கட்டும்போதும் செருப்பு மாட்டும்போதும் ஒற்றைக் காலில் நிற்காமல் இருந்தால் நல்லது.

சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல், கர்ப்பப்பைக் கோளாறு ஆகியவற்றாலும் குறுக்கு வலி வரலாம். காய்ச்சல், நீர்க்கடுப்பு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அதிக உதிரப்போக்கு எதுவும் கூட இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

2. விரல் வெளிப்பக்கம் போகிறதா?

சப்பையில், பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் வலித்தால், அந்த எலும்பில் வந்து சேரும் தசைநார்கள் நொந்திருக்கின்றன என்று அர்த்தம். 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. நடு ராத்திரியில் வலி எழுப்பிவிடும். படி ஏறினால், வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் சுள்ளென்று இருக்கும். வலி தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை இறங்கும். விரலால் அமுக்கினால் "ஐயோ" என்று கத்தத் தோன்றும்.

இதைப் பலர் 'எலும்பு தேஞ்சு போச்சு' என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். இது எலும்புத் தேய்மானம் இல்லை. பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிற வலி.

3. விரல் முன்பக்கம் போகிறதா?

தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில், கவட்டைப் பக்கம் வலித்தால்தான் அது பெரும்பாலும் உண்மையான இடுப்பு மூட்டு வலி. இந்த இடத்தைச் சொல்லத்தான் நாம் கூச்சப்படுகிறோம். "இடுப்பு வலிக்குது டாக்டர்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அங்கேதான் வழி தவறுகிறது.

மூட்டில் கோளாறு இருந்தால் தினசரி வேலையிலேயே தெரிந்துவிடும். சம்மணம் போட முடியாது. குத்தவைக்க முடியாது. கால் நகம் வெட்ட, மெட்டி போட, கொலுசு மாட்டக் குனிந்தால் மூட்டு மடங்காது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். நாலு அடி நடந்தால் இளகும். நாளாக நாளாக ஒரு பக்கம் சாய்ந்து விந்தி நடப்பார்கள்.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் சிலருக்கு வலி முழங்காலில்தான் தெரியும். இரண்டுக்கும் போகிற நரம்புகள் சேர்ந்தே போவதால் அப்படி. முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து "ஒண்ணும் இல்லையே" என்று சொல்லியும் வலி நிற்கவில்லையென்றால், "இடுப்பு மூட்டையும் ஒரு தடவை பாருங்க" என்று நாமே கேட்கலாம். தப்பே இல்லை.

சப்பை வலிக்கு என்ன செய்யலாம்?

நாம் குடத்தை எப்படித் தூக்குகிறோம்? இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, அதன்மேல் குடத்தை உட்கார வைக்கிறோம். பிள்ளையையும் அதே பக்கம்தான் வைக்கிறோம். ரேஷன் கடை வரிசையிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பைச் சாய்த்து நிற்கிறோம். இப்படி நிற்கும்போது சப்பைத் தசைநார்கள் எலும்போடு அழுந்துகின்றன. 10, 15 கிலோ குடத்தோடு தினம் பத்து நடை என்றால் அது என்ன பாடுபடும்!

முதலில் செய்ய வேண்டியது இந்த அழுத்தத்தைக் குறைப்பது.

* பெரிய குடத்துக்குப் பதில் இரண்டு சின்னக் குடம் அல்லது வாளி, இரண்டு கையிலும் சமமாகத் தூக்குங்கள். தள்ளுவண்டி, சைக்கிள் இருந்தால் பயன்படுத்துங்கள்.
* நிற்கும்போது இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள்.
* கால் மேல் கால் போட்டு உட்கார வேண்டாம். வலி குறையும்வரை தரையில் வெகுநேரம் உட்காருவதைக் குறையுங்கள்.
* வலிக்காத பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வையுங்கள். பழைய புடவையைக் கனமாக மடித்து வைத்தாலும் போதும்.

இரண்டாவது, அந்தத் தசையைப் பலப்படுத்துவது. 2018-ல் ஆஸ்திரேலியாவில் இந்த வலி உள்ள 204 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மேலே சொன்ன மாதிரி பழக்கமாற்றமும் உடற்பயிற்சியும். இன்னொரு பிரிவுக்கு வலி உள்ள இடத்தில் ஸ்டீராய்டு ஊசி. மூன்றாவது பிரிவு சும்மா காத்திருந்தது. 8 வாரம் கழித்து, பயிற்சி செய்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் நல்ல முன்னேற்றம். ஊசி போட்டவர்களில் பாதிக்குச் சற்று அதிகம். சும்மா இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஊசியைவிட நம் கையே நமக்கு உதவி என்பது இதிலிருந்து தெரிகிறது.

வீட்டிலேயே செய்யும் நான்கு பயிற்சிகள்

அவசரமில்லாமல், மூச்சை அடக்காமல் செய்யுங்கள்.

1. மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடித்துக்கொள்ளுங்கள். பிட்டத்தை இறுக்கி, இடுப்பைத் தரையிலிருந்து மெல்லத் தூக்குங்கள். 5 எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். 10 முறை.
2. மல்லாந்து படுத்தபடியே ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்துக்கொண்டே முழங்காலை மடக்குங்கள், மெல்ல நீட்டுங்கள். வலிக்காத அளவுக்கு மட்டும். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.
3. கெட்டியான நாற்காலியை அசையாமல் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 10 முறை. முடியாவிட்டால் கை ஊன்றிக்கொண்டு தொடங்கலாம்.
4. சுவரைப் பிடித்து நேராக நின்று, ஒரு காலைப் பக்கவாட்டில் ஒரு ஜாண் அளவு நகர்த்தி மெல்லத் திருப்புங்கள். உடம்பு சாயக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. சப்பை வலி கடுமையாக இருக்கும்போது இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஒரு வாரத்தில் பலன் தெரியாது. 6 முதல் 12 வாரம் பொறுமை வேண்டும். நூறு ரூபாய் சேமிப்பு ஒரே நாளில் பெரிய தொகையாகிவிடுகிறதா என்ன? அதே கணக்குதான் இதற்கும்.

விழுந்த பிறகு வந்த வலிக்கும், காய்ச்சலோடு வரும் வலிக்கும் இந்தப் பயிற்சிகளைச் செய்யக் கூடாது. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

மூட்டே தேய்ந்திருந்தால்?

நம் நாட்டில் முழங்கால் தேய்மானம் அளவுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் அதிகமில்லை. ஆனால் வந்துவிட்டால் குத்தவைத்துச் செய்கிற எல்லா வேலையும் பாதிக்கும். தேய்ந்ததைப் பழையபடி ஆக்கும் மாத்திரையோ எண்ணெயோ இதுவரை கிடையாது. "தேய்மானத்தை வளர வைக்கிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம். ஆனால் வலியைக் குறைக்கவும், நடமாட்டத்தைக் காப்பாற்றவும் நிறைய வழி உண்டு.

* எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். 5 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் மூட்டுக்கு 12 கிலோவுக்கு மேல் பாரம் குறையும்.
* கைத்தடி பிடிக்க வெட்கப்பட வேண்டாம். ஆனால் எந்தக் கையில்? வலது இடுப்பு வலித்தால் இடது கையில்! வலிக்கிற காலை எடுத்து வைக்கும்போதே தடியையும் ஊன்ற வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு எந்த உயரமோ, தடியின் பிடி அந்த உயரம்.
* கையில் ஒரே ஒரு பைதான் என்றால், வலிக்கிற பக்கத்துக் கையிலேயே தூக்குங்கள். கேட்க வினோதமாக இருக்கும். எதிர்க்கையில் தூக்கினால் வலிக்கிற மூட்டின் தசை இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கும். தடி எதிர்ப்பக்கம், பை அதே பக்கம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.
* படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.
* கழிப்பறையில் குத்தவைப்பது கஷ்டமென்றால், நடுவில் ஓட்டை உள்ள கம்மோடு ஸ்டூல் வாங்கிப் போடலாம். காய்கறி நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் உயரமான இடத்துக்கு மாறட்டும்.

படுத்தே கிடப்பது மருந்தல்ல. அசையாத மூட்டு இன்னும் இறுகும், தசை இன்னும் மெலியும். தாங்குகிற அளவுக்கு நடப்பதுதான் நல்லது. ஒத்தடம் இதமாக இருக்கும், செய்யலாம். இடுப்பு பெல்ட் குறுக்கு வலிக்குச் சில நாள் ஆதரவு தரும். இடுப்பு மூட்டு வலிக்குப் பயன்படாது.

இத்தனையும் செய்து, ராத்திரித் தூக்கமும் போய், வீட்டுக்குள்ளேயே நடக்க முடியாத நிலை வந்தால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி எலும்பு டாக்டர் சொல்வார். இது பரிசோதனை வைத்தியம் அல்ல. 1962-ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் இன்றைய முறைக்கு அடித்தளம் போட்டார். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இது நடக்கிறது.

'ஒரே ஊசியில் குணம்' – ஜாக்கிரதை!

படிப்பு இல்லாதவர்கள் போடும் ஊசி, பொட்டலம் கட்டித் தரும் பெயரில்லாத பொடி, "மூட்டு வலிக்கு ஸ்பெஷல்" என்று வீட்டு வாசலில் விற்கும் மருந்து ஆகியவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சாப்பிட்டதும் வலி மாயமாகப் போகும். முகம் உப்பி, 'உடம்பு தேறிட்ட மாதிரி' தெரியும். சர்க்கரையும் பிரஷரும் ஏறும். எலும்பு பலமிழக்கும்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டால், இடுப்பு மூட்டின் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடலாம். ரத்தம் போகாத எலும்பு செத்து, பந்து நசுங்கிவிடும். அதிகக் குடியாலும் இது வரும். நம் வீட்டு ஆண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 30, 40 வயதிலேயே மூட்டு மாற்றும் நிலைக்கு வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ ஸ்கேனில்தான் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற முயற்சி செய்ய முடியும். இளம் வயதில் கவட்டைப் பக்கம் வலி நீடித்தால் "எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஆஸ்துமா போன்ற நோய்க்குப் படித்த டாக்டர் ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதுவும் ஆபத்து. டாக்டரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

மெடிக்கலில் நாமாக வாங்கும் வலி மாத்திரைகளும் அப்படித்தான். மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வாங்கக் கூடாது.

பாட்டி வழுக்கி விழுந்துவிட்டால்

நம் எல்லோர் வீட்டிலும் ஒரு மாமியாரோ அம்மாவோ பாட்டியோ இருக்கிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. சின்ன வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு இது முன்னதாகவே தொடங்கிவிடும். அப்படிப்பட்ட எலும்பு, குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்தாலும் பந்துக்குக் கீழே கழுத்துப் பகுதியில் முறிந்துவிடும்.

விழுந்தவர் எழுந்து நிற்க முடியாமல், கவட்டைப் பக்கம் வலி என்று சொல்லி, அந்தக் கால் குட்டையாகவும் பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால் எலும்பு முறிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உருவிவிடக் கூடாது. நிற்க வைத்துப் பார்க்கக் கூடாது. கட்டுப் போட்டு வீட்டிலேயே படுக்க வைக்கவும் கூடாது. 108-க்கு போன் செய்து, அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சிலருக்கு விரிசல் மட்டும் இருக்கும், மெல்ல நடந்தும்விடுவார்கள். வலி நின்றால்தான் ஆச்சு. இல்லையென்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

"வயசான கட்டை, இனிமே ஆபரேஷன் எதுக்கு" என்ற பேச்சு நம் வீடுகளில் எழும். அதற்கு நாம் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்த முறிவில் ஆபரேஷன் செய்வதே அவரை மறுபடி உட்கார வைத்து நடக்க வைப்பதற்குத்தான். படுத்த படுக்கையானால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக் கட்டி என்று ஒவ்வொன்றாக வந்து உயிரையே கொண்டுபோகும். ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பிழைத்து எழும் வாய்ப்பு அதிகம். முடிவெடுக்க வெளியூர் மகன் வரட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப்போடாதீர்கள்.

விழாமல் தடுப்பது அதைவிட நல்லது. குளியலறையில் பாசி பிடிக்காமல் தேய்த்துவிடுங்கள். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடியுங்கள். ராத்திரி எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கண்புரை இருந்தால் ஆபரேஷன் செய்துவிடுங்கள்.

எலும்புக்குச் சாப்பாடும் வேண்டும். வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், மாதவிலக்கு நின்றவர்களுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொல்லியிருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பால், மோர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன் எல்லாம் நல்லது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்!

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

* விழுந்த பிறகு காலை ஊன்ற முடியவில்லை.
* வலியோடு காய்ச்சல், அல்லது உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. (இடுப்பு மூட்டிலும் காசநோய் வரும். அரசு ஆஸ்பத்திரியில் அதற்கு இலவசமாக மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும்.)
* ஓய்வில் இருந்தாலும், ராத்திரியிலும் விடாத வலி.
* முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எலும்பு வலி.
* குறுக்கு வலியோடு இரண்டு காலும் பலம் குறைகிறது, சிறுநீர் மலம் கட்டுப்பாடில்லாமல் போகிறது, அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்கிறது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போகிறது. இதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி.
* குழந்தை காரணமில்லாமல் நொண்டி நடக்கிறது, அல்லது முழங்கால் வலி என்கிறது.

டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்

ஆஸ்பத்திரியில் நமக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷத்தில் ஐந்து விஷயம் சொல்லிவிட வேண்டும்:

1. எந்த இடம் – விரல் வைத்துக் காட்டுங்கள்.
2. எத்தனை நாளாக, விழுந்த பிறகா, தானாகவா.
3. எந்த வேலை முடியவில்லை – மெட்டி போடவா, குத்தவைக்கவா, ஒருக்களித்துப் படுக்கவா.
4. இதுவரை சாப்பிட்ட மாத்திரை, போட்ட ஊசி. அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் தெரியாத மருந்து என்றாலும் மறைக்க வேண்டாம்.
5. வேறு நோய் – சர்க்கரை, பிரஷர், கர்ப்பம், கர்ப்பப்பை ஆபரேஷன்.

முதலில் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம். அங்கிருந்து தேவைப்பட்டால் அரசு தலைமை மருத்துவமனை எலும்புப் பிரிவுக்கு எழுதிக்கொடுப்பார்கள். 2021-ல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் சேர்க்கப்பட்டது. அதில் வீடு வீடாகப் போன தன்னார்வலர்களில் பலர் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களே. நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் நம் ஊர் நர்ஸம்மாவிடம் விவரம் கேளுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷன் என்றதும் நகையை அடகு வைக்கவோ, குழுவில் அவசரக் கடன் எழுதவோ, கந்துவட்டிக்குப் போகவோ அவசரப்பட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு, அரசு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். அட்டை இல்லாத உறுப்பினர்கள் யார் யார் என்று ஒவ்வொரு குழுவும் இந்த மாதமே பட்டியல் எடுக்கலாம். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவது பெரிய கஷ்டம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச...

* நம் குழுவில் யாருக்கெல்லாம் இடுப்பு வலி? எந்த இடம்? மூன்று இடத்தில் எது என்று ஒருவருக்கொருவர் கேட்டுப் பாருங்கள்.
* பெயரில்லாத பொடி, ஊசி யாராவது எடுத்துக்கொண்டிருக்கிறார்களா? திட்டாமல், பக்குவமாகப் பேசி டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.
* தண்ணீர்க் குழாய் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அது பக்கத்தில் வர, அடுத்த கிராம சபையில் மனுக் கொடுக்கலாமா? குடம் சுமக்கும் நடை குறைந்தால் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் வலி குறையும்.
* நான்கு பயிற்சிகளையும் கூட்டம் முடிந்ததும் சேர்ந்து ஒரு தடவை செய்து பாருங்கள்.

கடனை ஒழுங்காகக் கட்டுகிறோம், கணக்கை ஒழுங்காக எழுதுகிறோம். வலியையும் இனி அப்படித்தான் பார்க்க வேண்டும், சகோதரிகளே. எங்கே, எப்போதிருந்து, எதனால் என்று சரியாகச் சொல்லத் தெரிந்த பெண்ணை யாரும் "அலுப்புதான், போம்மா" என்று திருப்பி அனுப்ப முடியாது.